நண்பனின் விலா எலும்பு: ‘ப்ளே இட் டு தி போன்’ எங்கே சறுக்கியது? ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே ஜிம்மில் சேர்ந்து பயிற்சி எடுக்கும் இரண்டு குத்துச்சண்டை வீரர்கள். இருவருமே உச்சத்தைத் தாண்டிவிட்டவர்கள். ஒரு நாள் காலையில் அவர்களுக்கு ஒரு அழைப்பு வருகிறது. அன்று இரவே லாஸ் வேகாஸில் இருவரும் ஒருவரோடொருவர் மோத வேண்டும். கையில் காசில்லை, விமானத்தில் போகவும் மனமில்லை. அதனால் இருவரும் ஒரே காரில் கிளம்புகிறார்கள்.

இந்த நாலைந்து வரிகளைக் கேட்டாலே படத்தைப் பார்க்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரான் ஷெல்டன் எழுதி இயக்கிய ‘ப்ளே இட் டு தி போன்’ 1999 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் சில திரையரங்குகளில் மட்டும் வந்து, 2000 ஜனவரியில் பரவலாக வெளியானது. அன்டோனியோ பண்டேராஸும் வுடி ஹாரெல்சனும் நாயகர்கள். ஏறக்குறைய 2.4 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் 84 லட்சம் டாலர் அளவுக்குத்தான் வசூலித்தது. வசூலாவது ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல குத்துச்சண்டைப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவர்கள்கூட இன்று இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மோசமான படங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றையெல்லாம் உட்கார்ந்து ஆராய வேண்டியதில்லை. இது வேறு மாதிரி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. கரு நன்றாக இருக்கிறது, நடிகர்கள் நன்றாக இருக்கிறார்கள், விளையாட்டுப் படம் எடுப்பதில் இயக்குநர் தேர்ந்தவர். அப்படியும் கை நழுவிப் போனது என்றால் ஏன் என்று பார்ப்பதில் பலன் உண்டு.

எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குத்துச்சண்டையில் ‘நண்பன்’ என்றால் என்ன என்பதை இந்தப் படம் யோசிக்கவில்லை. அங்கே நண்பன் என்பவன் உங்களோடு சிரித்துப் பேசுகிறவன் மட்டும் கிடையாது. உங்கள் உடம்பில் எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தவன். அவன் எதிர்மூலையில் வந்து நிற்கும்போது அந்த அறிவும் கூடவே ரிங்குக்குள் வருகிறது. படத்தில் அது வரவே இல்லை.

கதை

சீசர் டொமிங்கஸ் (பண்டேராஸ்) ஸ்பெயினிலிருந்து வந்தவன். வின்ஸ் பூட்ரோ (ஹாரெல்சன்) அமெரிக்கன், தீவிர கிறிஸ்தவ நம்பிக்கையுள்ளவன், அவ்வப்போது இயேசு அவன் கண்ணுக்குத் தெரிகிறார். இருவரும் மிடில்வெயிட், அதாவது 160 பவுண்டு பிரிவு. இருவருக்கும் ஒரு காலத்தில் பெரிய வாய்ப்பு வந்து கைகூடாமல் போயிருக்கிறது.

லாஸ் வேகாஸில் மைக் டைசன் மோதும் நிகழ்ச்சி. அதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒரு சண்டையின் வீரர்கள் இருவரும் கடைசி நேரத்தில் இல்லாமல் போகிறார்கள். புரமோட்டருக்கு உடனடியாக இரண்டு பேர் தேவை. ஆளுக்கு 50,000 டாலர், ஜெயிப்பவனுக்குப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு என்று பேரம் படிகிறது. காரை ஓட்டி வருபவள் கிரேஸ் (லோலிடா டேவிடோவிச்). அண்மைவரை சீசரின் காதலி, அதற்கு முன் வின்ஸின் காதலி. வழியில் லியா (லூசி லியு) என்ற இளம்பெண் ஏறிக்கொள்கிறாள். அப்புறம் லாஸ் வேகாஸ், நீண்ட ஒரு சண்டை, கடைசியில் சமன்.

ஒரே நாளில் இரண்டு பேரைக் கூட்டி வந்து ரிங்கில் ஏற்றிவிட முடியுமா என்று குத்துச்சண்டை தெரிந்தவர்கள் கேட்பார்கள். நெவாடாவில் சண்டை நடத்த மாநில ஆணையத்தின் உரிமம் வேண்டும், மருத்துவப் பரிசோதனை உண்டு, வழக்கமாக எடை பார்ப்பதே முந்தின நாள்தான். நான் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல கதைக்காக இவ்வளவு சலுகை கொடுக்கலாம். அந்தச் சலுகையை வாங்கி என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

காருக்குள்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் சுமார் 430 கிலோமீட்டர். மொஹாவி பாலைவனத்தின் வழியே நான்கைந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி இந்தப் பயணத்துக்கே போகிறது.

அது தவறில்லை. சொல்லப்போனால் படத்தின் உயிரே அந்தப் பயணத்தில்தான் இருந்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு நான் யாருடைய முகத்தை உடைக்கப் போகிறேனோ, அவன் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். அவன் கழுத்தைத் திருப்பும்போது லேசாக முகம் சுளிக்கிறான். நான் அதைப் பார்க்கிறேன். பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். இந்த மாதிரி ஒரு கணம் வந்திருந்தால் அப்புறம் அந்தக் காரில் யார் என்ன பேசினாலும் வேறு பொருள் வந்திருக்கும். மதியம் எவ்வளவு சாப்பிடுகிறான், எப்போது தூங்குகிறான், எந்தக் கையைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான் என்பதெல்லாம் உளவு ஆகியிருக்கும்.

படத்தில் இருவரும் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கடவுளைப் பற்றி, பெண்களைப் பற்றி, பழைய தோல்விகளைப் பற்றி. சில உரையாடல்கள் கேட்க நன்றாகவும் இருக்கின்றன. ஹாரெல்சனுக்கு இந்த மாதிரி சளசளவென்று பேசும் பாத்திரம் நன்றாக வரும். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே எடுத்து வேறு எங்காவது போகும் இரண்டு நண்பர்களின் வாயில் வைத்தாலும் பொருந்தும். அன்று இரவு நடக்கப்போகும் சண்டையின் நிழல் அதன் மேல் விழவில்லை. பயணம் முடியும்போது இந்த இருவரில் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

லியாவின் வருகை இதை இன்னும் நீர்த்துப்போகச் செய்கிறது. அவளால் ஒரு காமக் காட்சியும் ஒரு கைகலப்பும் வருகின்றன. இரண்டும் நண்பர்கள் நடுவே எதையும் மாற்றுவதில்லை. மாறாக, கிரேஸ் நல்ல பாத்திரம். இருவரையும் நெருக்கமாக அறிந்தவள் அவள் ஒருத்திதான். டேவிடோவிச் அதை நிதானமாகச் செய்திருக்கிறார். படம் அவள் கண் வழியாகச் சொல்லப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஸ்பாரிங் என்றால் என்ன

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும், படம் தவறவிட்டது இதைத்தான்.

ஜிம்மில் வீரர்கள் தங்களுக்குள் மோதிப் பழகுவதை ஸ்பாரிங் என்கிறார்கள். தலைக்கவசம் இருக்கும், கையுறை பெரிதாக இருக்கும். அடி நிஜமான அடிதான். பெரிய சண்டைக்கு முன் வாரக்கணக்கில் இது நடக்கும். இதில் ஒரு ஒப்பந்தம் உண்டு, யாரும் எழுதி வைத்திராத ஒப்பந்தம். நீ தடுமாறினால் நான் ஒரு அடி பின்னால் போவேன். உன் புருவத்தில் பழைய வெட்டு இருந்தால் அங்கே குறிவைக்க மாட்டேன். இன்று நீ உன் இடது ஹூக்கை (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து) பழக வேண்டும் என்றால் நான் அதற்கு வாகாக நிற்பேன். என் உடம்பை உனக்குக் கடன் கொடுக்கிறேன், உன் உடம்பை நீ எனக்குக் கொடுக்கிறாய்.

இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஆடிய பிறகு ஒருவனைப் பற்றி மற்றவனுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. ஜாப் (கையை நேராக நீட்டி அடிக்கும் வேகமான குத்து) அடித்துவிட்டுக் கையை இழுக்கும்போது அது முகத்துக்குத் திரும்பாமல் நெஞ்சளவில் நின்றுவிடுகிறதா, களைத்தால் வாயைத் திறந்துவிடுகிறானா, வயிற்றில் அடி வாங்கினால் சிரித்து மறைக்கிறானா, எல்லாம் தெரியும். மனைவிக்குத் தெரியாத வலிகூட ஸ்பாரிங் துணைவனுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட இருவர் நிஜமாக மோதும்போது முதல் சுற்றிலேயே அந்த ஒப்பந்தம் யார் கையால் உடையப்போகிறது என்ற கேள்வி எழுகிறது. அந்தப் பழைய புருவ வெட்டை நான் குறிவைப்பேனா? குறிவைத்தால் நான் துரோகி. வைக்காவிட்டால் என் 50,000 டாலரோடு என் வாழ்க்கையின் கடைசி வாய்ப்பையும் தூக்கிக் கொடுக்கிறேன். இதைவிடக் கூர்மையான கேள்வி ஒரு நாடகத்துக்குக் கிடைக்குமா? சீசரும் வின்ஸும் ஒரே ஜிம்மில் பயிற்சி எடுப்பவர்கள் என்று படமே நமக்குச் சொல்கிறது. சொல்லிவிட்டு அதை அப்படியே விட்டுவிடுகிறது.

நிஜத்தில் நண்பர்கள் மோதியபோது

இது கற்பனைக் கவலை அல்ல. குத்துச்சண்டை வரலாற்றில் இது நடந்திருக்கிறது.

முகம்மது அலியும் ஜிம்மி எல்லிஸும் லூயிவில் நகரத்துக்காரர்கள், சிறுவயது நண்பர்கள். அமெச்சூர் காலத்தில் இரண்டு முறை மோதி ஆளுக்கு ஒன்று ஜெயித்திருக்கிறார்கள். பிறகு எல்லிஸ் பல வருடம் அலிக்கு ஸ்பாரிங் துணை. இருவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே, ஆஞ்சலோ டன்டீ. அலிக்கு உரிமம் மறுக்கப்பட்டிருந்த காலத்தில் எல்லிஸ் டபிள்யூபிஏ (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) ஹெவிவெயிட் சாம்பியன்கூட ஆனார். 1970இல் ஜோ ஃப்ரேசியரிடம் தோற்றார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அலியும் ஃப்ரேசியரிடம் தோற்றார். அதே 1971 ஜூலை 26 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் நண்பர்கள் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

இப்போது டன்டீ யார் மூலையில், அதாவது யாருக்குத் துணையாக, நிற்பார்? அலிக்கு அவர் பயிற்சியாளர் மட்டுமே. எல்லிஸுக்குப் பயிற்சியாளரும் மேலாளரும் அவர்தான். அதனால் எல்லிஸ் பக்கம் போனார். அலி அதை ஏற்றுக்கொண்டார். அலியின் பலம், பலவீனம் எல்லாவற்றையும் உருவாக்கிய மனிதர் அன்று எதிர்மூலையில் உட்கார்ந்து, அலியை எப்படி அடிப்பது என்று இன்னொருவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். 12ஆவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார், அலி ஜெயித்தார். அப்புறம் டன்டீ அலியிடமே திரும்பி வந்து பல வருடம் வேலை செய்தார்.

இந்த ஒரு நிகழ்வில் எத்தனை காட்சிகள் ஒளிந்திருக்கின்றன பாருங்கள். அண்ணன் தம்பி சண்டையில் அப்பா யார் பக்கம் என்பது மாதிரியான கேள்வி அது. சீசருக்கும் வின்ஸுக்கும் நடுவில் அப்படி ஒரு மூன்றாவது ஆளைப் படம் வைத்திருக்கலாம். இருவரையும் பழக்கிய கிழவர் ஒருவர், காரின் பின்சீட்டில், யார் மூலைக்குப் போவது என்று இன்னும் முடிவு செய்யாமல். ஆனால் படத்துக்குத் தெரிந்ததெல்லாம் முக்கோணக் காதல்தான்.

இன்னொரு நிகழ்வு, இது என்னை எப்போதும் கலங்க வைப்பது. லாரி ஹோம்ஸ் இளைஞராக இருந்தபோது பென்சில்வேனியாவின் டீர் லேக் முகாமில் அலிக்கு ஸ்பாரிங் துணையாகச் சேர்ந்தார். அலி அடித்ததில் அவர் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. ஐஸ் வைக்க வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அலியின் கையால் கிடைத்த அந்தக் கறுப்பை ஊரில் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படிப்பட்டவர் 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் உலக சாம்பியனாக அலியைச் சந்தித்தார். அலிக்கு 38 வயது, ஹோம்ஸுக்கு 30. புள்ளி போடும் நடுவர்கள் மூவரின் கணக்கிலும் எல்லாச் சுற்றும் ஹோம்ஸுக்கே. அலி கையைக்கூட உயர்த்த முடியாமல் நின்ற நேரங்களில், நிறுத்திவிட மாட்டாரா என்று ஹோம்ஸ் நடுவரைப் பார்த்தார். பத்தாவது சுற்று முடிந்ததும் டன்டீதான் போதும் என்று முடித்துவைத்தார். ஜெயித்த ஹோம்ஸ் அன்று அழுதார்.

அந்தச் சண்டையின் பதிவைப் பார்த்தால் ஒன்று புரியும். ஹோம்ஸின் ஜாப் முழு வேகத்தில் போய் இறங்குகிறது, முடித்துவைக்கும் வலது கை மட்டும் சில சமயம் தயங்குகிறது. எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பாசமும் தொழிலும் ஒரே உடம்பின் இரண்டு கைகளில் இருப்பது மாதிரி. எந்த வசனமும் அதைச் சொல்லிவிட முடியாது.

ஃப்ரேசியருக்கும் அலிக்கும் இடையே நடந்தது இதற்கு நேர் எதிர். தடைக்காலத்தில் அலிக்கு உதவியவர் ஃப்ரேசியர், பணம்கூடக் கொடுத்தவர். ரிங்குக்குத் திரும்பியதும் அலி அவரைக் கேவலமாகப் பேசினார். 1975இல் மணிலாவில் 14 சுற்றுகள் ஒருவரையொருவர் சிதைத்துக்கொண்டார்கள். ஃப்ரேசியர் அந்தப் பேச்சைப் பல பத்தாண்டுகள் மறக்கவில்லை. க்ளிட்ச்கோ சகோதரர்களோ இந்தப் பாதையிலேயே கால் வைக்கவில்லை. ஒரே நேரத்தில் இருவரும் ஹெவிவெயிட் சாம்பியன்களாக இருந்தும், ஒருவரோடொருவர் மோத மாட்டோம் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார்கள்.

மூலையை மாற்றும் பயிற்சியாளர், தயங்கும் கை, கசந்துபோகும் நட்பு, மோதவே மறுக்கும் இரத்த உறவு. ஷெல்டன் இதில் எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் படம் பிழைத்திருக்கும்.

சீசரின் அந்த ஒரு வருடம்

படத்தில் உண்மையாகவே ஒரு விதை விழுகிறது. பெரிய தோல்விக்குப் பிறகு ஒரு வருடம் தான் ஆண்களோடு வாழ்ந்ததாகச் சீசர் காரில் சொல்கிறான். வின்ஸுக்கு அது தாங்கவில்லை. அவனுடைய மதம், அவனுடைய ஆண்மை, இத்தனை நாள் அவனோடு கட்டிப்புரண்டு பயிற்சி எடுத்த நினைவு எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்டம் காண்கின்றன. பண்டேராஸ் அந்த இடத்தைக் கண்ணியமாக நடித்திருக்கிறார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது. ஆனால் படம் அதை நகைச்சுவைக்குத்தான் பயன்படுத்துகிறது. வின்ஸ் குதிக்கிறான், கத்துகிறான், அரங்கம் சிரிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு காட்சி போகிறது.

குத்துச்சண்டையை நேசிப்பவர்களுக்கு இது வலிக்கும், ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1962 மார்ச் 24, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். எடை பார்க்கும் இடத்தில் குத்துச்சண்டை வீரர் பென்னி பாரெட், அன்று தன்னோடு மோதவிருந்த எமில் கிரிஃபித்தை ஓரினச் சேர்க்கையாளர் என்று பொருள்படும் ஒரு ஸ்பானிஷ் வசைச்சொல்லால் ஏசினார். அன்று இரவு 12ஆவது சுற்றில் மூலையில் சிக்கிய பாரெட்டை கிரிஃபித் அடித்தது அடித்தபடி இருந்தார். பாரெட் மயங்கினார், பத்து நாள் கழித்து இறந்தார். கிரிஃபித் அந்தப் பாரத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். ஆண்களோடும் பெண்களோடும் தனக்கு உறவு இருந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது முதுமையில்தான்.

ஒரு குத்துச்சண்டை வீரன் தன் நண்பனிடம் இப்படி ஒன்றைச் சொல்வது எவ்வளவு பெரிய நம்பிக்கை! அதுவும் சண்டைக்குச் சில மணி நேரம் முன்னால். தன் விலாவைத் திறந்து காட்டுவது போன்றது அது. வின்ஸ் அதை ரிங்கில் ஆயுதமாக எடுப்பானா, கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கும் நேரத்தில் காதில் அந்த வசைச்சொல்லைச் சொல்வானா, சொல்ல வாயெடுத்து விழுங்குவானா என்று கேட்கப் படத்துக்கு எல்லா வசதியும் இருந்தது.

சண்டை

சண்டைக் காட்சி நீளமானது, கடுமையானது. நடிகர்கள் இருவரும் உழைத்திருக்கிறார்கள் என்பது உடம்பில் தெரிகிறது. ஜார்ஜ் ஃபோர்மன், லாரி மெர்ச்சன்ட், ஜிம் லாம்ப்லி மூவரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே வர்ணனையாளர் இருக்கையில் இருக்கிறார்கள். அதனால் ஒளிபரப்பு நிஜமாகவே தோன்றுகிறது. இரத்தம் தெறிக்கிறது, இருவரும் மாறி மாறிக் கீழே விழுகிறார்கள், மாறி மாறி எழுகிறார்கள்.

எனக்கு அலுப்பு தட்டியது அந்த ‘மாறி மாறி’யில்தான்.

புள்ளிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை கீழே விழுந்தால் பொதுவாக 8 ஆகிவிடும். ஒரே சுற்றில் இருவரும் ஆளுக்கொரு முறை விழுந்தால் அந்தக் கழிவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பார்க்கிறவன் மனதிலும் அதுவேதான் நடக்கிறது. சீசர் விழுந்ததை வின்ஸ் விழுந்தது அழித்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம், முகங்கள் மட்டும் வீங்கியிருக்கின்றன.

நல்ல குத்துச்சண்டையில் ஒரு சுற்று அடுத்த சுற்றை உருவாக்கும். இரண்டாவது சுற்றில் வயிற்றில் போட்ட அடி ஏழாவது சுற்றில் கையைக் கீழே இறக்கும். ஒருவர் ஒரு பொறி வைப்பார், மற்றவர் அதைக் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்ததைத் தெரியாத மாதிரி இருப்பார். நண்பர்கள் மோதும்போது இது இரட்டிப்பாக நடக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் மற்றவருடைய பழக்கம் மனப்பாடம். முதல் இரண்டு சுற்று யாருடைய அடியும் படாமலே போகலாம். இருவரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவது போல ஒருவர் அசைவை மற்றவர் முன்கூட்டியே அறிந்து விலகிக்கொண்டிருக்கலாம், அரங்கம் கூச்சல் போடலாம். அந்தக் கூச்சலுக்கு யார் முதலில் பணிகிறார் என்பதில் சண்டை தொடங்கலாம். சீசரும் வின்ஸும் முதல்முறை சந்தித்த இரண்டு முரடர்களைப் போலத்தான் மோதுகிறார்கள்.

பார்வையாளர் வரிசையில் கெவின் காஸ்ட்னர், ராட் ஸ்டூவர்ட் போன்ற பிரபலங்கள் வந்து போகிறார்கள். ஒவ்வொரு முகத்தைக் காட்டும்போதும் நம் கவனம் ரிங்கை விட்டு வெளியே போகிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சமனில் முடிந்ததைப் பலர் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சமன் இந்தக் கதைக்குப் பொருத்தமான முடிவாகவே இருந்திருக்கலாம். புரமோட்டர் வாக்குக் கொடுத்தது ஜெயிப்பவனுக்கு. யாரும் ஜெயிக்காவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. நட்பை முறித்து அடித்துக்கொண்டும் இருவருக்கும் கதவு மூடப்படுகிறது என்றால் அது கொடூரமான, உண்மையான முடிவு. அல்லது, முடித்துவிடக்கூடிய ஒரு அடியை ஒருவன் போடாமல் விட்டதால் வந்த சமன் என்றால் அது தியாகம். படத்தில் வரும் சமன் இரண்டும் இல்லை. இரண்டு நாயகர்களில் ஒருவரைத் தோற்கடிக்க மனம் வராமல் கதாசிரியர் எடுத்த முடிவாகத்தான் எனக்குப் படுகிறது.

ஷெல்டனுக்குத் தெரியாததா?

என்னை வருத்துவது இதுதான், அவருக்கு இது நன்றாகத் தெரியும். இளம் வயதில் பேஸ்பால் மைனர் லீக்கில், அதாவது பெரிய லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டிகளில், விளையாடியவர் ஷெல்டன். 1988இல் அவர் எடுத்த ‘புல் டர்ஹாம்’ படத்தில் ஒரு மூத்த கேட்சர் (பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர்), தன்னைவிடத் திறமை அதிகமுள்ள, அறிவு குறைவான ஓர் இளைஞனைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் பெரிய லீக்குக்குப் போய்விடுவான், தான் போக முடியாது என்று தெரிந்தே சொல்லிக்கொடுக்கிறான். உதவிக்குள் பொறாமையும் பொறாமைக்குள் பாசமும் அதில் அவ்வளவு அழகாக இருக்கும். 1996இல் வந்த ‘டின் கப்’ படத்தில் கோல்ஃப் வீரன் கடைசிக் குழியில் பந்தைத் திரும்பத் திரும்பத் தண்ணீருக்குள் அடித்து, பிடிவாதமாக அதே அடியை முயன்று, 12 அடிகளில் முடித்துப் போட்டியை இழக்கிறான். அந்தத் தோல்வியில் நாம் எழுந்து நிற்போம், ஏனென்றால் அவன் அப்படித்தான் செய்வான் என்று அதற்கு முன் வந்த ஒவ்வொரு காட்சியும் நமக்குச் சொல்லியிருக்கும்.

அந்தப் படங்களில் விளையாட்டின் நுணுக்கமும் பாத்திரத்தின் குணமும் ஒன்று. அந்த அடியை அவன் தேர்ந்தெடுப்பதிலேயே அவன் யார் என்பது தெரிந்துவிடும். இந்தப் படத்தில் வின்ஸின் இறைநம்பிக்கைக்கும் அவன் சண்டை போடும் விதத்துக்கும் உறவு என்ன? இயேசு கண்ணுக்குத் தெரிகிறார், சரி, அதனால் அவன் முன்னால் வருகிறானா, பின்னால் போகிறானா, அடி வாங்கத் துணிகிறானா? சீசரின் தனிமை அவன் காலடியில் எங்கே இருக்கிறது? இதற்குப் பதில் எழுதியிருந்தால் அந்த நீளமான சண்டையை ஒரு வசனமும் இல்லாமல் நாம் படித்திருப்போம்.

நான் திருத்தி எழுதினால்

ஒரு ரசிகனாக இந்தப் படத்தை மனதுக்குள் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறேன். பெரிய மாற்றம் ஒன்றும் வேண்டாம்.

முதல் காட்சியிலேயே ஜிம்மில் இருவரும் ஸ்பாரிங் செய்யட்டும். வின்ஸின் வலது விலாவில் ஒரு பழைய முறிவு, சரியாகக் கூடவில்லை. சீசரின் இடது ஹூக் அங்கே போகும் வழியில் நின்று, லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அது ஒரு நொடி. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். காரில் ஒரு குழியில் ஏறி இறங்கும்போது வின்ஸின் கை தானாக விலாவுக்குப் போகட்டும். சீசர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். கண்ணாடி வழியே கிரேஸ் இருவரையும் பார்க்கட்டும்.

சண்டையின் முதல் பாதி முழுக்க சீசர் அந்த விலாவைத் தொடவே இல்லை. வின்ஸுக்கு அது தெரிகிறது. ஒரு கட்டத்தில் அந்தப் பரிவே அவனுக்கு அவமானமாகிறது. முழங்கையை வேண்டுமென்றே உயர்த்தி, அந்த இடத்தைத் திறந்து காட்டுகிறான். அடி என்கிறான், வாயால் சொல்லாமல். அதற்கு மேல் என்ன நடந்தாலும், யார் ஜெயித்தாலும், சமனே ஆனாலும் நான் ஏற்றுக்கொள்வேன்.

கடைசியாக, திரும்பி வரும் பயணம். சண்டை முடிந்த பிறகான நேரத்தைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. போகும்போது இவ்வளவு நேரம் காருக்குள் உட்கார்ந்த கேமரா, வரும்போதும் உட்கார்ந்திருக்கலாம். அதே பாலைவனம், விடியற்காலை, அதே மூன்று பேர், யாரும் பேசவில்லை. வின்ஸுக்குத் தாகம். வீங்கிப்போன விரல்களால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கப் பார்க்கிறான், முடியவில்லை. சீசர் அதை வாங்கித் திறந்து கொடுக்கிறான். அந்த விரல்கள் வீங்கியது அவன் தலையில் பட்டுத்தான்.